395 நெடுஞ்சாலை: மோனோ ஏரியிலிருந்து மரணப் பள்ளத்தாக்கு வரை, ஒரு முழுமையான பயண வழிகாட்டி

கலிஃபோர்னியாவுக்கு வருகிற நம்மவர்களின் சுற்றுலாப் பட்டியல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். கோல்டன் கேட் பாலம், யோசெமிட்டி, டிஸ்னிலேண்ட், கடைசியில் லாஸ் வேகஸ். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மறுபடியும் அதே சுற்று. இந்த இடங்களுக்கு நடுவே, சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிக்கொண்டு 395 என்று ஒரு நெடுஞ்சாலை போகிறது. தண்ணீருக்குள் வளர்ந்த கல் கோபுரங்கள், 4,800 வயதைத் தாண்டிய மரம், ஆள் யாரும் தள்ளாமல் நகரும் பாறைகள் எல்லாம் இந்த ஒரே சாலையிலும் அதன் கிளைகளிலும் இருக்கின்றன.

இந்தச் சாலையில் பார்க்கப்போகும் விசித்திரங்களில் பெரும்பங்கு தண்ணீரின் கைவேலை. சில தண்ணீர் வந்து செய்தவை, சில தண்ணீரை எடுத்துக்கொண்டு போனதால் வெளியே தெரிந்தவை. எடுத்துக்கொண்டு போனது லாஸ் ஏஞ்சலஸ் நகரம். 1913-இல் ஓவன்ஸ் ஆற்றை மறித்து 233 மைல் கால்வாய் வெட்டி அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அது போதாமல் 1941-இல் வடக்கே மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளிலும் கை வைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்காகப் போனால் இடங்கள் தானாகவே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதனால் கீழே உள்ள வழி, சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து கிளம்பி மரணப் பள்ளத்தாக்கில் முடிகிற மாதிரி அமைந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் தலைகீழாகப் போகலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

படி 1: மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஓட்டல் பதிவு, லீவு எல்லாம் அப்புறம். இந்தப் பயணத்தில் மாதம் தப்பினால் பாதி இடங்களுக்குக் கதவு சாத்தியிருக்கும். வடபாதி உயரமான மலைநாடு, குளிர்காலத்தில் பனி மூடிவிடும். தென்பாதியோ உலகத்திலேயே அதிக வெப்பம் பதிவான இடம். 1913 ஜூலை 10 அன்று மரணப் பள்ளத்தாக்கிலுள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது.

யோசெமிட்டிக்குள் புகுந்து 395-க்கு இறங்கும் டியோகா கணவாய் 9,943 அடி உயரத்தில் இருக்கிறது. நவம்பரில் மூடினால் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள். பனி கொட்டித் தீர்த்த 2023-இல் ஜூலை 22 வரை இழுத்துவிட்டது. அது திறந்திருக்கவும் வேண்டும், மரணப் பள்ளத்தாக்கில் பகலில் காரைவிட்டு இறங்கவும் முடியவேண்டும் என்றால், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிவதற்குள் போவதுதான் சரி. என்னைக் கேட்டால் அக்டோபர் நடு. ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாக மாறியிருக்கும், கொசு இருக்காது, கூட்டமும் குறைந்திருக்கும்.

பள்ளி விடுமுறை ஜூலையில்தான் என்பவர்கள் வடபாதியோடு திரும்பிவிடுங்கள். கோடையில் மரணப் பள்ளத்தாக்கு விளையாட்டு இடமல்ல. 2024 ஜூலையில் அங்குள்ள மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்த பெல்ஜியம் நாட்டுப் பயணி ஒருவருக்கு, வெறுங்காலில் நடந்ததில் பாதத்தில் மூன்றாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டது.

படி 2: வண்டி, பெட்ரோல், அனுமதி

ரேஸ்ட்ராக் என்கிற ஒரு இடத்தைத் தவிர மற்றவற்றுக்குச் சாதாரண காரே போதும். ரேஸ்ட்ராக்குக்கு என்ன செய்வது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மோனோ ஏரிக்கரை ஊரான லீ வைனிங்கில் பெட்ரோல் விலை கண்ணைக் கட்டும். மரணப் பள்ளத்தாக்குக்குள் அதைவிட மோசம். பிஷப் ஊரில் ஓரளவு நியாயமான விலைக்குக் கிடைக்கும், அங்கே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் ஃபர்னஸ் க்ரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பானமிண்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே பங்க் உண்டு. டாங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் விலை பார்க்காமல் போட்டுவிடுங்கள்.

கைபேசிச் சிக்னல் பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். கூகுள் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு காகித வரைபடமும் இருக்கட்டும். மரணப் பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் கைவிடப்பட்ட மண்சாலைகளையெல்லாம் வழி என்று காட்டும்.

யோசெமிட்டி, மரணப் பள்ளத்தாக்கு இரண்டுக்கும் சேர்த்து ஆண்டு அட்டை வாங்குவது லாபம். ஆனால் 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்துவிட்டது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் தேசியப் பூங்கா தளத்தில் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். யோசெமிட்டியில் சில ஆண்டுகளில் நுழைவதற்கே முன்பதிவு கேட்டிருக்கிறார்கள், சும்மா கடந்து போகிறவர்களிடமும் சேர்த்துத்தான். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: சாப்பாடும் கரடியும்

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சாலை கொஞ்சம் வறட்சிதான். சீஸ் பீட்சா, வெஜ் பர்கர், பீன்ஸ் புரிட்டோ, இந்த மூன்றும்தான் மாறி மாறி வரும். லீ வைனிங்கில் மொபில் பெட்ரோல் பங்குக்குள்ளேயே ஒரு உணவகம் இருக்கிறது, பருவகாலத்தில் மட்டும் திறந்திருக்கும். பங்க் சாப்பாடு என்று நினைத்து ஒதுக்கவேண்டாம், அதற்காகவே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. பிஷப்பில் நல்ல ரொட்டிக் கடை இருக்கிறது. மற்றபடி புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் போடாத பொடி வகைகள், ஐஸ் பெட்டியில் தயிர் என்று நம் வழக்கமான ஏற்பாடே கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. மாமத் லேக்ஸ், லீ வைனிங் சுற்றுவட்டாரத்தில் கருங்கரடிகள் உண்டு. ராத்திரி காருக்குள் சாப்பாட்டு டப்பாவை விட்டால், கதவையே பிய்த்து எடுத்துவிடும். பெருங்காயம் போட்ட புளியோதரையை அது எத்தனை தூரத்திலிருந்து மோப்பம் பிடிக்கும் என்று சோதித்துப் பார்க்கவேண்டாம். முகாம்களில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள், உணவு மட்டுமல்லாமல் பற்பசை, சோப்பு வரை அதற்குள் போகவேண்டும். ஓட்டலில் தங்கினால் எல்லாவற்றையும் அறைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: லீ வைனிங்கில் இரண்டு இரவு (மோனோ ஏரி, போடி)

முதல் நாள் முழுக்க டியோகா கணவாய் வழியாகக் காரோட்டுவதிலேயே போய்விடும். சாயங்காலத்துக்குள் லீ வைனிங் வந்துவிட்டால் நேராக மோனோ ஏரியின் தென்கரைக்கு, 'சவுத் டூஃபா' என்ற இடத்துக்குப் போங்கள். சிறிய கட்டணம் உண்டு. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கரைக்குக் கொஞ்சதூரம் நடை.

இந்த ஏரிக்குத் தண்ணீர் வர வழியுண்டு, வெளியேற வழியில்லை. குறைந்தது 7,60,000 ஆண்டுகளாக உப்பும் காரமும் சேர்ந்துகொண்டே இருப்பதால், கடல்நீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் உப்பு. ஏரிக்கு அடியில் சுண்ணாம்புச் சத்து நிறைந்த ஊற்றுகள் இருக்கின்றன. ஊற்றுநீர் ஏரியின் காரநீரைத் தொட்ட இடத்தில் கல் உறைந்து, ஊற்றின் வாயைச் சுற்றிக் கோபுரம் மாதிரி எழும்பும். இதுதான் டூஃபா. கோபுரம் நீருக்குள்ளே மட்டும்தான் வளரும். அப்படியென்றால் நீங்கள் கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொரு கோபுரமும் ஒருகாலத்தில் முழுகிக் கிடந்தது என்று அர்த்தம். 1941-க்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதில் நீர்மட்டம் 45 அடி இறங்கியது, ஏரியின் உப்பு இரட்டிப்பானது. நாம் மெனக்கெட்டுப் போய்ப் படமெடுக்கும் அழகு, ஒரு சேதத்தின் மறுபக்கம்.

படமெடுத்த கையோடு திரும்பிவிடாதீர்கள். தண்ணீர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் கரையை ஒட்டிக் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அத்தனையும் ஈ. அருவருப்பு வேண்டாம், நம் ஊர் ஈ மாதிரி மேலே வந்து மொய்க்காது. நீங்கள் நடக்க நடக்க விலகி வழிவிடும். அதில் ஒன்றைக் கண்ணால் பின்தொடருங்கள். உடம்பைச் சுற்றி ஒரு காற்றுக் குமிழியைப் போர்த்திக்கொண்டு, வெள்ளி மணி மாதிரி மின்னிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து இறங்கும். உள்ளே பாசி மேய்ந்துவிட்டு நனையாமல் மேலே வரும். இதன் கூட்டுப்புழுவைக் காயவைத்து உணவாகச் சாப்பிட்டவர்கள் இந்த ஏரிக்கரையின் குட்ஸாடிக்கா பையூட் மக்கள். ஏரியில் மீன் கிடையாது. இந்த ஈயும், நகக்கண் அளவு உப்பு இறாலும்தான் லட்சக்கணக்கான பறவைகளுக்குச் சோறு போடுகின்றன.

நீர் இறங்கிக்கொண்டே போனதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பொதுமக்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாக அரசு இந்த ஏரியைக் காக்கக் கடமைப்பட்டது என்று 1983-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-இல் நீர் வாரியம், கடல்மட்டத்திலிருந்து 6,392 அடிக்கு ஏரி உயரும்படி தண்ணீரை விடவேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அளவை ஏரி இன்னும் எட்டவில்லை. எட்டினால் இப்போது நாம் நடக்கும் பாதையில் கொஞ்சம் தண்ணீருக்குள் போய்விடும். போகட்டும்.

கோபுரங்களைத் தொட்டுப் பார்க்கலாம், ஏறக்கூடாது. உடைத்த துண்டை எடுத்துப் பையில் போடுவது சட்டப்படி குற்றம்.

இரண்டாம் நாள் காலை போடி. வடக்கே சுமார் 30 மைல். கடைசி மூன்று மைல் மண்சாலை, உடம்பு குலுங்கும், ஆனால் கார் தாங்கும். 1859-இல் தங்கம் கண்டுபிடித்து, 1880 வாக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருந்த ஊர் இது. தங்கம் தீர்ந்ததும் ஆட்கள் கலைந்தார்கள். 1932-இல் பெரிய தீ விபத்தில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. மிச்சத்தை 1962-இல் மாநிலப் பூங்காவாக எடுத்துக்கொண்டார்கள். பழையதைப் புதுசாக்குவதில்லை, விழவும் விடுவதில்லை என்பது பராமரிப்புக் கொள்கை. சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பார்கள், வண்ணம் பூசமாட்டார்கள். கண்ணாடி ஜன்னலில் கையைக் குடைபிடித்து உள்ளே பாருங்கள். கடை அலமாரியில் டப்பாக்கள், பள்ளிக்கூடத்தில் மேசைகள் எல்லாம் தூசியோடு அப்படியே இருக்கும்.

இங்கிருந்து ஆணி, கண்ணாடித் துண்டு என்று எதையாவது எடுத்துப் போனால் சாபம் பிடிக்கும் என்று ஒரு கதை உண்டு. கதையைப் பூங்காக்காரர்களே கிளப்பிவிட்டதாகச் சொல்வார்கள். ஆனால் திருடியதைத் தபாலில் திருப்பி அனுப்பி, மன்னிப்புக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். போடியில் சாப்பாடோ பெட்ரோலோ கிடைக்காது. 8,300 அடிக்கு மேலே என்பதால் அக்டோபரிலும் காற்று எலும்பைத் துளைக்கும்.

படி 5: மாமத் லேக்ஸ் சுற்றுவட்டாரம், ஒரு நாள்

லீ வைனிங்கிலிருந்து தெற்கே இறங்கினால் மாமத் லேக்ஸ். சுமார் 7,60,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு பெரிய எரிமலையின் குழிவுக்குள்தான் இந்தப் பகுதியின் பெரும்பாகம் இருக்கிறது. மலை இன்னும் முழுசாகத் தூங்கவில்லை.

'டெவில்ஸ் போஸ்ட்பைல்' என்ற பாறைச்சுவரை இங்கே பார்க்கலாம். எரிமலைக் குழம்பு ஒரே சீராக ஆறி இறுகும்போது வெடித்து, 60 அடி வரை உயரமான தூண்களாகப் பிளந்திருக்கிறது. பெரும்பாலானவை அறுகோணம். எல்லோரும் கீழே நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துப் பாதையில் ஏறி மேலே போங்கள், சில நிமிடம்தான். பனிப்பாறை ஒன்று மேலே உரசிப் போனதில் தூண்களின் தலைகள் வழவழவென்று சீவப்பட்டு, மொசைக் தரை போட்ட மாதிரி கிடக்கும். இங்கே கோடைக்காலப் பகல் நேரங்களில் சொந்த வண்டி விடமாட்டார்கள், மாமத்திலிருந்து பேருந்தில்தான் போகவேண்டும். அந்தச் சாலையில் அவ்வப்போது சீரமைப்பு வேலையும் நடக்கும் என்பதால் முந்தின நாளே திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் ஹார்ஸ்ஷூ ஏரி. ஏரி சாதாரணம்தான். கரையில் நிற்கும் மரங்களைப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் பட்டுப்போய், வெளுத்து, இலையில்லாமல் நிற்கும். 1989-இல் இங்கே தொடர்ந்து சிறு நிலநடுக்கங்கள் வந்தன. அதன்பிறகு மண்ணிலிருந்து கரியமிலவாயு கசியத் தொடங்கியது. வேருக்குக் காற்றில்லாமல் மரங்கள் மூச்சடைத்துச் செத்தன. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் குழந்தையைத் தரையில் படுக்கவிடவோ, குழி தோண்டி விளையாடவிடவோ வேண்டாம். நின்று நடந்து பார்ப்பதில் ஆபத்தில்லை.

போகிற வழியில் ஹாட் க்ரீக். நீலப்பச்சை நிறத்தில் வெந்நீர் கொதிக்கும் ஓடை, மேலிருந்து பார்ப்பதற்கு மட்டும். 2006 முதல் இறங்கிக் குளிக்கத் தடை. கிரௌலி ஏரியின் கிழக்குக் கரையில் கல் தூண் மண்டபம் மாதிரி ஒன்று இருக்கிறது. எரிமலைச் சாம்பல் சூடாக இருந்தபோதே பனிநீர் உள்ளே இறங்கி உருவான தூண்கள். 1941-இல் லாஸ் ஏஞ்சலஸ் இங்கே அணை கட்டிய பிறகு, அலை அடித்து அடித்து மென்மையான பகுதி கரைந்து தூண்கள் வெளியே வந்தன. நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாதவர்கள் நீண்ட நடை நடக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் இதை விட்டுவிடலாம்.

இரவு பிஷப்பில்.

படி 6: பிரிஸில்கோன் பைன் மரங்கள்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் போக நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பிஷப்புக்குத் தெற்கே பிக் பைன் என்ற சின்ன ஊரில் கிழக்கே திரும்பி, ஒயிட் மலைத்தொடரில் ஏறவேண்டும். 'ஷுல்மன் தோப்பு' வரை தார்ச்சாலை, உயரம் சுமார் 10,000 அடி. பனி விழுந்ததும் சாலையை மூடிவிடுவார்கள்.

இங்கே 'மெத்தூசலா' என்று பெயரிட்ட ஒரு பைன் மரம் இருக்கிறது. வயது 4,800-க்கு மேல். மொகஞ்சதாரோவில் செங்கல் அடுக்குவதற்கு முன்பே இது முளைத்துவிட்டது. 1957-இல் எட்மண்ட் ஷுல்மன் என்ற ஆய்வாளர், மரத்தை வெட்டாமல் துளைக்கருவியால் மெல்லிய குச்சி போல ஒரு மாதிரி எடுத்து, வளையங்களை எண்ணி வயதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். எந்த மரம் மெத்தூசலா என்பதை வனத்துறை அடையாளம் காட்டுவதில்லை. யாராவது சேதப்படுத்திவிடக்கூடாது என்பதுதான் காரணம், ஒருமுறை பட்டதே போதும். 1964-இல் பக்கத்து மாநிலமான நெவாடாவில் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தை ஆராய்ச்சிக்காக வெட்டிவிட்டு எண்ணிப் பார்த்தால் 4,862 வளையங்கள் வந்தன. ஆகவே பாதையில் நடக்கும்போது எது அந்த மரம் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். எல்லாமே கிழவர்கள்தான்.

மண் வெளுத்த சுண்ணாம்பு வகை, சத்து கிடையாது, மழையும் இல்லை. வேறு மரம் எதுவும் போட்டிக்கு வராத இடம் என்பதே இவற்றுக்கு வசதியாகிவிட்டது. வளர்ச்சி அவ்வளவு மெதுவாக இருப்பதால் கட்டை இறுகிப் பிசின் ஏறியிருக்கும், பூச்சியோ பூஞ்சையோ உள்ளே நுழைய முடியாது. ஒரு மரத்தின் அருகே நின்று கவனியுங்கள். முக்கால்வாசி அடிமரம் பட்டை உதிர்ந்து, காற்றும் மணலும் அராவி, தேன் நிறத்தில் முறுக்கிக்கொண்டு செத்திருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் கைப்பிடி அகலத்துக்குப் பட்டை மேலேறும். அந்த ஒற்றைப் பட்டை போய்ச் சேரும் கிளையில் மட்டும் பச்சை ஊசியிலைகள். முழு மரத்துக்கும் சோறு போட முடியாதபோது பெரும்பகுதியைச் சாகவிட்டு ஒரு கீற்றை மட்டும் காப்பாற்றிக்கொள்கிற கணக்கு அது. ஓர் ஊசியிலை 30, 40 ஆண்டுகள் வரை கிளையிலேயே இருக்கும்.

செத்து விழுந்த கட்டைக்கும் மதிப்பு உண்டு. உயிருள்ள மரத்தின் வளையங்களோடு இவற்றின் வளையங்களைப் பொருத்தி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னால் போக முடிகிறது. தொல்லியல் அகழாய்வுகளில் கரிமக் காலக்கணிப்பு என்று படிக்கிறோமே, அதன் கணக்கைச் சரிபார்த்துத் திருத்த உதவியவை இந்தக் கட்டைகள்தான். அதனால் ஒரு சிராய்கூட எடுக்கக்கூடாது.

ஒரு மைல் சுற்றுப்பாதையும், நாலரை மைல் மெத்தூசலா பாதையும் உண்டு. உயரத்தால் மூச்சு வாங்கும், முந்தின நாள் மாமத்தில் சுற்றியிருப்பதால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். தலைவலி வந்தால் பிடிவாதம் பிடிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். இதய நோயுள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 7: மன்சனார், அலபாமா குன்றுகள், காய்ந்த ஏரி

பிக் பைனிலிருந்து தெற்கே, சாலையோரத்திலேயே மரத்தாலான ஒரு காவல் கோபுரம் தெரியும். அதுதான் மன்சனார். 1942-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பான்மையினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். மன்சனாரில் ஒரே நேரத்தில் 10,000 பேர் வரை இருந்தார்கள். அதற்கு முன் இது ஆப்பிள் தோட்டங்கள் இருந்த ஊர். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நிலத்தையும் தண்ணீரையும் விலைக்கு வாங்கிக்கொண்டதால் ஊர் காலியானது. காலியாகக் கிடந்த அந்த நிலத்தில்தான் முகாம் எழுந்தது.

அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் இடுகாட்டுக்குப் போங்கள். 1943-இல் முகாமில் இருந்தவர்களே எழுப்பிய வெள்ளைக் கல்தூண், அதற்குப் பின்னால் சியரா மலைச்சுவர். தூணைச் சுற்றிக் காகிதக் கொக்கு மாலைகளும் நாணயங்களும் வைத்திருப்பார்கள். முகாமுக்குள் அடைபட்டவர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட குளங்களையும் தோட்டங்களையும் மண்ணிலிருந்து தோண்டி மீட்டிருக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடாதீர்கள். கட்டணம் இல்லை.

லோன் பைன் ஊரில் தங்கி, மறுநாள் விடியலில் அலபாமா குன்றுகள். உருண்டு திரண்ட பாறைகளும் இயற்கை வளைவுகளுமாக ஒரு சின்ன உலகம். நூற்றுக்கணக்கான படங்களின் வெளிப்புறக் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். 1939-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லை மலைகளாகவே இந்தப் பாறைகள் நடித்தன. மோபியஸ் வளைவு வரை ஒரு குட்டி நடை. சூரியன் எழும்போது மேற்கே விட்னி சிகரம் சிவக்கும். உயரம் 14,505 அடி, அலாஸ்காவையும் ஹவாயையும் தவிர்த்த அமெரிக்காவில் இதற்கு மேல் சிகரம் இல்லை.

அங்கிருந்து 136-ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பினால் வலப்பக்கம் ஒரு பரந்த வெளுத்த சமவெளி. ஓவன்ஸ் ஏரி. 1870-களில் இதன்மேல் நீராவிப் படகு விட்டு, சுரங்கத்து வெள்ளிக் கட்டிகளை ஏற்றிப் போனார்கள். கால்வாய் வந்த சில ஆண்டுகளில் ஏரி வறண்டது. அப்புறம் கிளம்பிய புழுதியை அடக்க அதே லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. அந்தச் செலவில் ஒரு பங்கு, ஏரிப் படுகையில் மறுபடியும் தண்ணீர் தெளிப்பதற்கு. கீலர் என்ற சிற்றூரில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள், ஏரிக்கரைத் துறைமுகமாக இருந்த ஊர் அது.

படி 8: மரணப் பள்ளத்தாக்கு

லோன் பைனிலிருந்து ஃபர்னஸ் க்ரீக் சுமார் 105 மைல். சாலை பெரிய ஏற்ற இறக்கங்களைக் கொண்டது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

பேட்வாட்டர் படுகை கடல்மட்டத்துக்குக் கீழே 282 அடி. காலையில் பார்த்த விட்னி சிகரத்துக்கும் இதற்கும் நேர்கோட்டில் 85 மைல் கூட இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கியதும் எல்லோரும் உப்பை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் திரும்பி, பின்னால் உள்ள செங்குத்துப் பாறையை அண்ணாந்து பாருங்கள். மிக உயரத்தில் 'கடல்மட்டம்' என்று ஒரு சின்னப் பலகை ஒட்டியிருக்கும். பிறகு உப்பில் கூட்டத்தைத் தாண்டி உள்ளே நடந்தால்தான் மிதிபடாத கட்டங்கள் கண்ணில் படும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் கொட்டிய மழையில் இந்தப் படுகை மறுபடியும் ஏரியானது. 2024 பிப்ரவரியில் அதில் துடுப்புப் படகு விட்டார்கள்.

சாப்ரிஸ்கி முனை விடியலுக்கு, ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் பிற்பகலுக்கு, டான்டேஸ் வியூ எந்த நேரத்துக்கும். இவை மூன்றும் தார்ச்சாலையில் எளிதாகப் பார்த்துவிடக்கூடியவை, நான் விவரிக்கத் தேவையில்லை.

படி 9: ரேஸ்ட்ராக்கில் நகரும் கற்கள்

ஒரு முழுநாளை இதற்கு ஒதுக்குங்கள். வடக்கே யூபிஹீபி எரிமலை வாயைப் பார்த்துவிட்டு (600 அடி ஆழம், நிலத்தடி நீரைக் குழம்பு தொட்டு ஆவியாக வெடித்த குழி), அங்கிருந்து 27 மைல் மண்சாலை. பல்லெல்லாம் ஆடும். கூரிய கற்கள் டயரைக் கிழிக்கும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையில் ஓட்டவே அனுமதிப்பதில்லை, நடுவில் நின்றுவிட்டால் இழுத்துவர ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள், காப்பீடு கைகொடுக்காது. ஃபர்னஸ் க்ரீக்கில் உறுதியான டயர் போட்ட ஜீப்பை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். முழு அளவு ஸ்டெப்னி, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், மணிக்கு 15 மைல் வேகம். வழியில் டீகெட்டில் முச்சந்தியில் பலகை முழுக்கப் பயணிகள் கட்டித் தொங்கவிட்ட கெட்டில்கள். அங்கே ஒரு முறை டயரைச் சுற்றிப் பாருங்கள்.

ரேஸ்ட்ராக் என்பது கிட்டத்தட்ட மூன்று மைல் நீளமுள்ள காய்ந்த ஏரிப் படுகை. தரை வெடித்த களிமண், மேசை மாதிரி சமதளம். முதலில் வரும் நிறுத்துமிடத்தில் இறங்கிக் கல்லைத் தேடி ஏமாறுகிறவர்கள் அதிகம். இன்னும் இரண்டு மைல் தெற்கே போய் நிறுத்தி, உள்ளே நடக்கவேண்டும். தெற்கு முனையில் உள்ள மலையிலிருந்து உருண்டு விழுந்த கற்கள், தங்களுக்குப் பின்னால் நீண்ட தடம் பதித்துக்கொண்டு நிற்கும். சில தடம் நேராக, சில வளைந்து, சில இரண்டு கல்லும் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகத் திரும்பின மாதிரி. சில கற்கள் 300 கிலோவுக்கும் மேல்.

கற்கள் நகர்வதை யாரும் பார்த்ததில்லை என்பதால் பல பத்தாண்டுகள் ஊகங்களாகவே ஓடின. சூறாவளி என்றார்கள், காந்தம் என்றார்கள், குறும்புக்காரர்கள் வேலை என்றார்கள். ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ், ரால்ஃப் லோரென்ஸ் முதலான ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் பொருத்திய கற்களை இங்கே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2013 டிசம்பரில் அவர்கள் கண்ணெதிரிலேயே நடந்தது. படுகையில் சில அங்குலம் மழைநீர் தேங்கியிருந்தது. ராத்திரிக் குளிரில் மேலே ஜன்னல் கண்ணாடி கனத்துக்குப் பனித்தகடு உறைந்தது. வெயில் ஏறியதும் தகடு பெரிய பெரிய பாளங்களாக உடைந்து, இலேசான காற்றிலேயே மிதந்து, எதிர்ப்பட்ட கற்களை நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் சேற்றின்மேல் தள்ளிக்கொண்டு போனது. 2014-இல் ஆய்வை வெளியிட்டார்கள். நீங்கள் போகும் நாளில் எதுவும் நகராது. தடத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

தரை ஈரமாக இருந்தால் கால் வைக்கவே கூடாது. ஈரத்தில் பதிந்த செருப்புத் தடம் ஆண்டுக்கணக்கில் அழியாது. 2016-இல் யாரோ ஒருவர் உள்ளே வண்டியோட்டி மைல்கணக்கில் கோலம் போட்டுவிட்டுப் போனார். கல்லைத் தூக்காதீர்கள், அதன்மேல் உட்கார்ந்து படமெடுக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் மண்சாலையைத் தாண்டிவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

படி 10: திரும்பும் வழி

லாஸ் வேகஸில் விமானம் பிடிக்கிறவர்களுக்கு ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து 120 மைல். கார் வாடகையை முதலிலேயே ஒருவழியாகப் போட்டுக்கொள்ளுங்கள், கூடுதல் கட்டணம் வந்தாலும் மலையைச் சுற்றித் திரும்பி ஓட்டும் ஒரு முழுநாள் மிச்சம். சான் பிரான்சிஸ்கோ பக்கம் திரும்புகிறவர்கள் டெஹாச்சபி வழியாக பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு இறங்கி ஐ-5 நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்.

லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் 395-இலிருந்து 14-ஆம் எண் சாலைக்கு மாறி ஐ-5-இல் சேருவீர்கள். சேர்ந்த கொஞ்ச நேரத்தில், சில்மார் அருகே, கிழக்குப் பக்க மலைச்சரிவில் சிமென்ட் படிக்கட்டு மாதிரி ஒரு கால்வாய் இறங்கும். 1913 நவம்பர் 5 அன்று ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீர் அந்தச் சரிவில்தான் முதல்முறையாக இறங்கியது. திரண்டிருந்த கூட்டத்திடம் கால்வாயைக் கட்டிய பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட், "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அங்கே நிறுத்த இடமில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் சாலையைப் பாருங்கள். லாரிகள் அதிகம்.